குவாய் நதிப் பாலம்: ஒரு போர்ப்படம் உருவான வரலாறும் அது சொல்லாமல் விட்டவர்களும்

‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ 1957இல் வெளிவந்த ஆங்கிலப் படம். இயக்கியவர் டேவிட் லீன், தயாரித்தவர் சாம் ஸ்பீகல். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் படையினர் சயாம் (இன்றைய தாய்லாந்து) காட்டுக்குள் ஒரு ரயில் பாலம் கட்டுகிறார்கள். அதைத் தகர்ப்பதற்கென்று ஒரு சிறு அதிரடிப் படை காட்டைக் கடந்து வருகிறது. கட்டுபவர்களும் தகர்ப்பவர்களும் பாலத்தடியில் எதிரெதிரே வந்து நிற்பதுதான் கதையின் உச்சம். போர்க்கால சாகசப் படங்கள் என்றால் இன்றும் முதல் வரிசையில் பேசப்படும் இந்தப் படம் சயாமில் எடுக்கப்பட்டதல்ல. இலங்கையில், களனி ஆற்றங்கரையில் உள்ள கித்துல்கல என்னும் சிற்றூரில் எடுக்கப்பட்டது.

இராமநாதபுரம், இராமேசுவரம் கரைக்கு இந்தப் படத்தோடு இரண்டு வகையில் உறவு உண்டு. படப்பிடிப்பு நடந்த நாட்களில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது தொடங்கிய அந்தப் போக்குவரத்து, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை நீடித்தது. களனிப் பள்ளத்தாக்கின் ரப்பர், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலரும் மண்டபம் முகாமில் நோய்ச் சோதனை முடித்து இந்த வழியாகப் போனவர்கள்தாம். இரண்டாவது உறவு துயரமானது. படத்துக்கு அடிப்படையான உண்மை ரயில்பாதையில் மாண்டவர்களில் பல்லாயிரம் பேர் மலாயாத் தோட்டத் தமிழர். அவர்களை மலாயாவுக்கு அனுப்பிய மாவட்டங்களில் பழைய இராமநாதபுரமும் ஒன்று. படம் உருவான விதத்தையும் அது யாரைச் சொல்லாமல் விட்டது என்பதையும் சேர்த்து அறிந்தால்தான் அதன் வரலாறு முழுமை பெறும்.

உண்மையான ரயில்பாதை

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தாபாருவில் கரையேறியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூனும் விழுந்தது. பர்மாவில் நின்ற படைக்குச் சோறும் குண்டும் அனுப்ப வேண்டும். மலாக்கா நீரிணையைச் சுற்றிப் போகும் கடல்வழியோ நேசநாட்டு நீர்மூழ்கிகளால் ஆபத்தாகிவிட்டது. எனவே சயாமையும் பர்மாவையும் தரைவழியே இணைக்க ஜப்பானிய இராணுவம் முடிவெடுத்தது. சயாமின் பான்போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர். பிரிட்டிஷார் முன்பே ஆராய்ந்து, மலையும் காடும் மழையும் தாங்காது என்று கைவிட்ட பாதை அது. 1942 நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது.

இந்த வேலைக்கு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், கொஞ்சம் அமெரிக்கர். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தவர்கள் ஆசியக் கூலிகள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர், சீனர் என்று அவர்களின் தொகை ஏறத்தாழ இரண்டு லட்சம் என்று கணிக்கப்படுகிறது. மாண்டவர்களைப் பற்றிய மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. தொண்ணூறாயிரம் கூலிகள் என்பது பல வரலாற்று நூல்கள் தரும் கணக்கு.

மலாயாத் தமிழர் இதில் சிக்கியதற்குத் தோட்டங்களின் நிலைமையே காரணம். போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. துரைமார் ஓடிவிட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்களுக்குக் கூலியும் இல்லை, அரிசியும் இல்லை. நல்ல கூலி, வயிற்றுக்குச் சோறு, சில மாதத்தில் வீடு திரும்பலாம் என்ற வாக்குறுதியோடு கிராணிமார் (தோட்ட எழுத்தர்), கங்காணிமார் வழியாக ஆள் சேர்ப்பு நடந்தது. போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் யாரும் தாமாகப் போகவில்லை. அதன் பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்தார்கள். இலவசப் படக்காட்சி என்று அழைத்து, கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களை அப்படியே ரயிலேற்றிய நிகழ்ச்சிகளும் பதிவாகியிருக்கின்றன.

கைதிகளைவிடக் கூலிகள் அதிகமாக மாண்டதற்குத் தெளிவான காரணம் உண்டு. கைதிகளின் முகாம்களில் இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகளும் கட்டுப்பாடும் இருந்தன. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதும் கழிப்பிடக் குழி வெட்டுவதும் அங்கே கட்டாயம். தோட்டத்திலிருந்து பெண்டு பிள்ளைகளோடு வந்த கூலிகளுக்கு ஓலை வேய்ந்த அத்தாப்புக் கொட்டகையும் ஆற்று நீருமே மிச்சம். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். போர் முடியும் வரை இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து அற்றுப்போயிருந்ததால், ஊரில் இருந்தவர்களுக்குச் சேதி தெரியவும் வழியில்லை.

நாவல்

படத்தின் மூலம் பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் வெளியிட்ட நாவல். பொறியாளரான பூல், போருக்கு முன் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் பணிபுரிந்தவர். போரின்போது பிரெஞ்சு விடுதலை இயக்கத்தின் இரகசிய ஆளாக இந்தோசீனாவுக்குள் நுழைந்து, ஜெர்மனிக்கு இணங்கிய விஷி அரசை ஆதரித்த பிரெஞ்சுக்காரர்களிடமே பிடிபட்டுச் சிறையில் இருந்தார். சயாம் ரயில்பாதையில் அவர் வேலை செய்ததில்லை. தாம் கண்ட பிரெஞ்சு அதிகாரிகளின் மனப்போக்கை வைத்தே கர்னல் நிக்கல்சன் என்னும் பாத்திரத்தை உருவாக்கியதாகப் பின்னர் கூறினார்.

நிக்கல்சன் விதிமுறை தவறாத அதிகாரி. போர்க்கைதிகளான அதிகாரிகளைக் கூலி வேலைக்கு அனுப்பக் கூடாது என்ற உடன்படிக்கையைக் காட்டி, முகாம் தலைவன் சைட்டோவின் சித்திரவதையைத் தாங்கி நின்று வெல்கிறார். வென்றபின் தம் படையின் ஒழுங்கைக் காப்பாற்ற எதிரிக்கே மிகச் சிறந்த பாலத்தைக் கட்டிக் கொடுக்கிறார். கடமை உணர்வு எந்த இடத்தில் துரோகமாகிறது என்ற கேள்விதான் நாவலின் உயிர். நாவலில் பாலம் இடிவதில்லை. ரயில் மட்டுமே கவிழ்கிறது. பாலம் நொறுங்கும் முடிவு திரைக்கென்று எழுதப்பட்டது.

திரைக்கதை

திரைக்கதை எழுதிய இருவரின் பெயரும் படத்தில் வரவில்லை. கார்ல் போர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். பொதுவுடைமைச் சார்புடையவர்கள் என்ற குற்றச்சாட்டில் அமெரிக்கப் பட நிறுவனங்கள் அவர்களுக்கு வெளிப்படையாக வேலை தருவதில்லை. போர்மன் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்திருந்தார். அவர் எழுதிய முதல் வடிவம் லீனுக்குப் பிடிக்கவில்லை. பின்னர் வில்சன் வந்து லீனோடு அமர்ந்து எழுதினார். படம் வெளியானபோது திரைக்கதை என்ற இடத்தில் பியர் பூலின் பெயர் மட்டும் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதாத அவருக்கே ஆஸ்கார் விருதும் போயிற்று. 1984இல்தான் அமெரிக்கத் திரைப்படக் கழகம் தவற்றைத் திருத்தி, போர்மனுக்கும் வில்சனுக்கும் விருதை உரியதாக்கியது. வில்சன் 1978இலேயே இறந்துவிட்டார், போர்மனும் அந்த 1984இல் காலமானார்.

இடமும் பாலமும்

உண்மைப் பாலம் இருந்த, சயாமின் காஞ்சனபுரிப் பகுதி பெரும்பாலும் சமவெளி. லீன் தேடியது ஆழமான பள்ளத்தாக்கும் அடர்ந்த காடும். கித்துல்கலவில் களனி ஆறு மலைகளுக்கிடையே வளைந்து பாய்கிறது. கொழும்பிலிருந்து நல்ல சாலை உண்டு. ஆங்கிலம் அறிந்த நிர்வாகமும் உழைக்கும் ஆட்களும் கிடைத்தார்கள். 1956 இறுதியில் தொடங்கிய படப்பிடிப்பு 1957 மே வரை நடந்தது.

இலங்கையின் மற்ற இடங்களும் படத்தில் உண்டு. மருத்துவமனைக் காட்சி கல்கிசையின் மவுண்ட் லவினியா ஹோட்டலில் எடுக்கப்பட்டது. அதிரடிப் படையின் பயிற்சித் தலைமையகமாகப் பேராதனைத் தாவரவியல் பூங்கா காட்டப்பட்டது. போரின் பிற்பகுதியில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் உண்மையாகவே அந்தப் பூங்காவில் இயங்கியது.

பாலத்தைச் சிறு மாதிரியாகவோ தட்டி, பலகையாலோ அமைக்காமல், ரயில் தாங்கும் மெய்யான பாலமாகவே கட்டினார்கள். கலை இயக்குநர் டொனால்ட் ஆஷ்டன். பொறியியல் வேலையை இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து ஹஸ்பெண்ட் நிறுவனம் ஏற்றது. அருகிலிருந்த காடுகளில் மரம் வெட்டி, யானைகளைக் கொண்டு இழுத்து, நூற்றுக்கணக்கான உள்ளூர் தொழிலாளர் மாதக்கணக்கில் உழைத்து எழுப்பினார்கள். நீளம் சுமார் 425 அடி, உயரம் 90 அடி. விளம்பரத்தில் இதற்கு இரண்டரை லட்சம் டாலர் செலவானதாகச் சொன்னார்கள். மரமும் யானையும் ஆளும் மலிவாகக் கிடைத்ததால் உண்மைச் செலவு அதைவிட மிகக் குறைவு. பாலத்தின் மேல் தண்டவாளம் போட்டு, பழைய நீராவி எஞ்சினையும் பெட்டிகளையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

மெய்யான பொருளைக் கட்டி மெய்யாகவே அழிப்பது என்ற இந்த முடிவுதான் படத்தின் வலிமை. மரத்தின் கனமும் ஆற்றின் இழுப்பும் நடிகர் முகத்து வியர்வையும் திரையில் பொய்யில்லாமல் தெரிகின்றன. ஒளிப்பதிவாளர் ஜாக் ஹில்டியார்ட் அகலத்திரையின் முழு நீளத்தையும் பயன்படுத்திக் காட்டையும் பாலத்தையும் மனிதனையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கினார். கித்துல்கலவின் ஈரமும் வெயிலும் குழுவை வாட்டின. உதவி இயக்குநர் ஒருவர் சாலை விபத்தில் உயிரிழந்தார்.

நடிப்பும் இசையும்

நிக்கல்சனாக நடித்த அலெக் கின்னஸ் முதலில் இந்த வேடத்தை மறுத்தார். ஒத்துக்கொண்டு வந்தபின்னும் பாத்திரத்தை எப்படிப் பார்ப்பது என்பதில் லீனோடு அவருக்குச் சச்சரவு தொடர்ந்தது. கொதிக்கும் தகரக் கூண்டில் அடைபட்டிருந்த நிக்கல்சன் தள்ளாடியபடி சைட்டோவைப் பார்க்க நடந்து போகும் காட்சி படத்தின் மணிமகுடம். இளம்பிள்ளைவாதத்திலிருந்து தேறிய தம் மகனின் நடையை மனதில் கொண்டு அந்த நடையை அமைத்ததாகக் கின்னஸ் சொல்லியிருக்கிறார். சைட்டோவாக வந்த செசூ ஹயகாவா, மௌனப்பட நாட்களிலேயே ஹாலிவுட்டில் புகழ்பெற்ற ஜப்பானிய நடிகர். தப்பியோடும் அமெரிக்கக் கைதியாக வில்லியம் ஹோல்டனும் அதிரடிப் படைத் தலைவராக ஜாக் ஹாக்கின்சும் நடித்தார்கள்.

கைதிகள் சீழ்க்கையடித்தபடி முகாமுக்குள் நடந்து வரும் மெட்டு ‘கர்னல் போகி’ என்னும் பழைய இராணுவ நடையிசை. 1914இல் கென்னத் ஆல்போர்டு என்ற புனைபெயரில் ஓர் இராணுவ இசைக்குழுத் தலைவர் அமைத்தது. போரின்போது படையினர் அதற்கு எதிரியைக் கேலி செய்யும் கொச்சைச் சொற்களைப் போட்டுப் பாடினார்கள். அந்தச் சொற்களைத் தணிக்கை அனுமதிக்காது. எனவே சொல்லே இல்லாமல் சீழ்க்கை மட்டும் வைக்கப்பட்டது. கிழிந்த காலணியோடு சோர்ந்து வரும் மனிதர்களின் தலை நிமிர்வை அந்தச் சீழ்க்கை காட்டிவிடுகிறது. இசையமைப்பாளர் மால்கம் ஆர்னால்ட் அதனோடு பொருந்தும் மற்றொரு நடையிசையை எழுதிச் சேர்த்தார்.

வெடிப்பு

பாலம் தகர்க்கப்பட வேண்டிய நாள் 1957 மார்ச் 10. இலங்கைப் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் அரசுப் பிரமுகர்களும் பார்க்க வந்திருந்தார்கள். பல கோணங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு ஒளிப்பதிவாளரும் பத்திரமாக ஒதுங்கிவிட்டதாகச் சைகை தந்த பிறகே வெடி இயக்கப்படும் என்பது ஏற்பாடு. ரயில் புறப்பட்டுவிட்டது. ஒருவர் மட்டும் உரிய நேரத்தில் ஒதுங்கவில்லை. லீன் வெடியை நிறுத்தினார். ஓடிய ரயில் பாலத்தைத் தாண்டி அக்கரையில் இருந்த மின்னாக்கியில் மோதியது. இரவோடிரவாக அதைச் சரிசெய்து மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். மறுநாள் காலை பாலமும் ரயிலும் ஒன்றாக ஆற்றில் விழுந்தன. மாதக்கணக்கான உழைப்பு சில நொடியில் முடிந்தது.

படச்சுருள்களை லண்டனுக்கு அனுப்புவதிலும் சிக்கல் வந்தது. சூயஸ் நெருக்கடியால் கப்பல்வழி அடைபட்டிருந்ததால் விமானத்தில் அனுப்பினார்கள். சுருள்கள் போய்ச் சேரவில்லை. ஒரு வாரத் தேடலுக்குப்பின் கெய்ரோ விமான நிலையத்தில் வெயிலில் கிடந்தவை கண்டுபிடிக்கப்பட்டன என்றும், காட்சிகள் கெடாமல் இருந்தன என்றும் இப்படத்தின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

வெற்றியும் மறுப்பும்

1957 அக்டோபர் 2 அன்று லண்டனில் படம் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஏழு ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன: சிறந்த படம், இயக்கம், நடிகர், தழுவல் திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை. படத்தின் புகழ் ஓர் ஆற்றின் பெயரையும் மாற்றியது. நாவலிலும் படத்திலும் பாலம் குவாய் நதியின்மேல் இருக்கிறது. உண்மைப் பாலங்கள் மேகுலோங் ஆற்றின்மேல் இருந்தன. பாலத்தைத் தேடி வந்த பயணிகளுக்காகத் தாய்லாந்து அரசு 1960களில் ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவாய் யாய் என்று பெயர் மாற்றியது.

ரயில்பாதையில் உழைத்து உயிர்தப்பிய கைதிகளுக்குப் படம் மனவருத்தம் தந்தது. அந்தப் பாலத்தைக் கட்டிய முகாமின் உண்மைத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூசி. எதிரிக்கு உதவியவர் அல்லர் அவர். தம் ஆட்களின் உயிரைக் காப்பதில் முழுக் கவனம் வைத்தவர். அவருடைய ஆட்கள் மரத்தூண்களில் கரையானைக் கொண்டுவந்து விட்டார்கள், காங்கிரீட்டைக் கெடுத்துக் கலந்தார்கள். ஜப்பானியருக்குப் பாலம் கட்டத் தெரியாது என்று படம் காட்டுவதும் தவறு. பாதையைத் திட்டமிட்டு வடிவமைத்தவர்கள் ஜப்பானியப் பொறியாளர்களே.

படத்தில் இல்லாதவர்கள்

இவற்றையெல்லாம்விடப் பெரிய விடுபாடு ஆசியக் கூலிகளைப் பற்றியது. படத்தின் முகாமில் பிரிட்டிஷ் கைதிகளும் ஜப்பானியக் காவலரும் இருக்கிறார்கள். அதிரடிப் படைக்கு வழிகாட்டவும் சுமை தூக்கவும் சயாமியர் வருகிறார்கள். மண் வெட்டிக் கல் சுமந்த இரண்டு லட்சம் பேரில் ஒருவருக்கும் இடமில்லை. தமிழ்த் தொழிலாளரை மலாயாத் தோட்டத்தில் நேரில் கண்டிருந்த பூலின் நாவலும் கதையைப் பிரிட்டிஷ் கைதிகளைச் சுற்றியே அமைத்தது. உலக மக்கள் இந்த ரயில்பாதையை இந்தப் படத்தின் வழியாகவே அறிந்ததால், அந்த விடுபாடு வரலாறாகவே நிலைத்துவிட்டது.

காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் கைதிகள் பெயரோடு அடக்கமாகியிருக்கிறார்கள். தமிழர்களுக்கு அப்படியொரு பெயர்ப் பலகை இல்லை. ஜப்பானிய இராணுவமே 1944இல் அங்கே எழுப்பிய நினைவுத்தூணில் பல மொழி வாசகங்களுக்கிடையே தமிழ் வாசகமும் உண்டு. கொன்றவர்கள் செத்தவர்களுக்கு வைத்த கல் அது. 1990இல் காஞ்சனபுரியில், ஆசியக் கூலிகள் புதைக்கப்பட்டதாகக் கருதப்படும் ஒரு பெருங்குழி தோண்டப்பட்டு எலும்புகள் கிடைத்தன.

இந்தக் கதையைத் தமிழில் எழுதியவர்கள் மலேசிய எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் தோட்டத்திலிருந்து காட்டுக்குப் போனவர்களின் பக்கம் நின்று பேசுகின்றன. தமிழ்த் திரையுலகுக்குப் போர்ப்படம் புதிதல்ல. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி.ஆர். சுந்தரம் 1945இலேயே, போர் நடந்துகொண்டிருந்தபோதே, ‘பர்மா ராணி’யை எடுத்தார். பிரிட்டிஷ் அரசின் போர்ப் பிரசாரத் தேவைக்கு எடுக்கப்பட்ட படங்களில் ஒன்று அது. அதே ஆண்டுகளில் சயாமில் மாண்ட தமிழரின் கதையை, கித்துல்கலவில் பாலம் கட்டிய அளவு உழைப்போடு, இன்னும் யாரும் திரைக்குக் கொண்டுவரவில்லை.

கலையாக மதிப்பிட்டால் ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ ஐயமின்றிப் பெரிய படம். கட்டுமானம், நடிப்பு, இசை, படத்தொகுப்பு அனைத்திலும் அது இன்றைய கலைஞருக்கும் பாடம். வரலாறாக மதிப்பிட்டால் அது சிறுபான்மையினரான கைதிகளின் கதையை மட்டும், அதையும் மாற்றிச் சொன்ன படம். மறுபாதியைச் சொல்லும் கடமை தமிழருடையது. பரமக்குடி, முதுகுளத்தூர், திருவாடானை, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் மலாயாவிலிருந்து வந்த பழைய கடிதங்கள், பணவிடைச் சீட்டுகள், புகைப்படங்கள், ‘சயாமுக்குப் போனவர்’ என்று மட்டும் நினைவில் நிற்கும் பெயர்கள் எங்கேனும் மிஞ்சியிருந்தால், அவற்றைப் படியெடுத்து ஊர்ப்பெயரோடு பதிவு செய்ய வேண்டும். மாவட்டத்தின் கல்லூரிகளும் நூலகங்களும் இந்த வேலையை உடனே தொடங்க வேண்டும். நினைவில் வைத்திருப்பவர்கள் முதுமையில் இருக்கிறார்கள், காலம் குறைவு.